துண்டு காயும் திசை

பிப்ரவரி 5, திங்கள்

ஏழாம் அத்தியாயத்தை இன்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். பெட்ரோகெமிக்கல் தொழில் மண்டலத்தின் திட்ட அறிக்கையில் முதல் ஆறு அத்தியாயங்கள் நானூறு பக்கம்: சாலை, துறைமுகம், குழாய், மின்சாரம், வருமானம், வருமானத்தால் வரும் வருமானம். ஏழாவது ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏற்பாடுகள்’. அதற்கு ஒன்பது பக்கம், அதில் இரண்டு புகைப்படம்.

இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: “நல்லா பசுமையா இருக்கணும்ப்பா.” மரம் நடும் பகுதியை விரிக்கச் சொல்கிறார் என்று நினைத்து மூன்று வரிசை மரங்களை ஐந்தாக்கினேன். மதியம் அவருடைய உதவியாளர் வந்து, அட்டைக்கு எந்தப் பச்சை என்று முடிவு செய்துவிட்டேனா என்று கேட்டார்.

ஆலோசகர் அனுப்பிய வரைவைப் படித்தேன். அவர் இதற்கு முன்பு ஒரு விமான நிலையத்துக்கு எழுதியது. அங்கே பறவைகள் எதிரி. இங்கே அவை பாதுகாக்கப்பட வேண்டியவை. ஆகவே ‘விரட்டுதல்’ என்று வரும் இடத்திலெல்லாம் கணினியை விட்டு ‘பாதுகாத்தல்’ என்று மாற்றியிருக்கிறார். இப்போது பக்கம் நான்கில், “வெடி வெடித்தும் பலத்த ஒலி எழுப்பியும் பறவைகளைத் தொடர்ந்து பாதுகாத்தல்” என்று இருக்கிறது.

பிப்ரவரி 7, புதன்

காற்று.

தொழிற்சாலைக்கு இடம் பார்ப்பதற்கு முன் ஒரு வருடம் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அளப்பார்கள். அதைப் படமாகப் போட்டால் பூப்போல விரியும். வடக்கே ஒரு இதழ், மேற்கே இரண்டு, எங்கோ ஒரு குட்டி இதழ். விண்ட் ரோஸ் என்பார்கள். நம்முடைய படத்தில் ஒரே ஒரு இதழ். வருடம் முழுவதும், மழையிலும் வெயிலிலும், காற்று வடக்கிலிருந்து தெற்கே மட்டும் வீசியிருக்கிறது. தெற்கே உவர்நிலம், மனித நடமாட்டம் இல்லை.

“இப்பகுதியின் காற்று நிலையான குணமுடையது” என்று ஆலோசகர் எழுதியிருக்கிறார். இயக்குநர் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறார். கூட்டத்தில் சொன்னார்: “நம்ம ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டகூட இல்லாத ஒழுங்கு, பாருங்க, காத்துகிட்ட இருக்கு.” எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

காற்று இவ்வளவு ஒழுங்கானது என்பதால், நச்சு ஆவி விடும் பென்சீனைச் சேமிக்கும் எட்டுத் தொட்டிகளையும் மண்டலத்தின் வடக்கு விளிம்பில் வைக்கிறார்கள். அங்கேதான் சாலை பக்கம், செலவு குறைவு. அங்கிருந்து வடக்கே நானூறு மீட்டரில் ஒரு பள்ளிக்கூடம். குடியிருப்புக்கும் தொட்டிக்கும் ஒரு கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. ஆலோசகரிடம் கேட்டேன்.

“பள்ளிக்கூடம் குடியிருப்பு இல்லையே சார். அங்க யாரும் தூங்குறதில்ல.”

“கிளாஸ்ல தூங்குவாங்களே?”

“அது கணக்குல வராது சார்” என்றார். அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை என் மனைவி. இதை எழுத அறிக்கையில் கட்டம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 8, வியாழன்

ஐந்து வரிசை மரம் திரும்ப மூன்றானது. அட்டை, இளம்பச்சை.

பிப்ரவரி 12, திங்கள்

அதிகாரிகள் குடியிருப்புக்கு இன்று குலுக்கல். பள்ளிக்கூடத்துக்குச் சற்று அப்பால், வடக்கே, தொட்டிகளிலிருந்து சரியாக விதிப்படி ஒரு கிலோமீட்டர் தாண்டி. காற்று அந்தப் பக்கம் ஒருநாளும் வராது என்பதால் மண்டலத்திலேயே சுத்தமான இடம் அதுதான் என்று எழுதியாகிவிட்டது. எனக்கு மூலை மனை விழுந்தது, பூங்காவைப் பார்த்து. கணக்குப் பிரிவு அக்காவுக்கு என்மேல் கொஞ்சம் வயிற்றெரிச்சல். “உனக்கென்னப்பா தம்பி, உச்சியில மச்சம்” என்றார். அவருக்குக் குப்பை மேட்டுப் பக்கம் விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“அந்தப் பக்கமா? தார் நாத்தம் குடலைப் புடுங்குமே.”

தொட்டிகள் வரப்போகும் இடத்தில் இப்போது ஒரு தார் கலவை ஆலை ஓடுகிறது. சாலைக்காரர்களுடையது.

“வராது. காத்து தெற்காலதான் போகுது. ஒரு வருஷம் அளந்திருக்காங்க.”

“அப்படியா? எங்க பள்ளியில தெற்கு ஜன்னலையெல்லாம் ஆணி அடிச்சு மூடி வச்சிருக்கோமே, எதுக்குங்க?”

“எதுக்கு?”

“காத்து நல்லா வருதுன்னுதான்” என்று சொல்லிவிட்டு ஒரு பிள்ளைக்கு முழு மதிப்பெண் போட்டாள்.

நான் குலுக்கலுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைதானே மனைகளைப் பார்க்கப் போனேன்? அன்றைக்கு எந்த நாற்றமும் இல்லை. எல்லா அதிகாரிகளும் ஞாயிற்றுக்கிழமைதான் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தார் ஆலைக்கு விடுமுறை.

பிப்ரவரி 14, புதன்

மதிய இடைவேளையில் கெஸ்ட் ஹவுஸ் மொட்டைமாடிக்குப் போனேன். காற்றுத் திசைகாட்டி அங்கேதான் நிற்கிறது: உயரமான கம்பி, அதன் உச்சியில் அம்பு, அம்புக்கு அகலமான வால். காற்றடித்தால் சுற்ற வேண்டும்.

அதன் வாலில் நைலான் கயிற்றின் ஒரு முனை. மறு முனை தண்ணீர்த் தொட்டியின் குழாயில். நடுவில் வெள்ளைத் துண்டுகள், பதினைந்து இருபது இருக்கும். தலையணை உறைகள். இயக்குநருடைய விருந்தாளி யாரோ ஒருவருடைய கோடு போட்ட பைஜாமா.

காற்று விர்ரென்று வடக்கே அடித்துக்கொண்டிருந்தது. துண்டுகளெல்லாம் வடக்கே பறந்தன. பைஜாமா, இரண்டு கால்களாலும், என் மனைவியின் பள்ளிக்கூடத்தைச் சுட்டியது. அம்பு மட்டும் அசையாமல், வடக்கிலிருந்து காற்று வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கெஸ்ட் ஹவுஸ் மேற்பார்வையாளர் பின்னாலேயே ஏறி வந்தார்.

“எத்தனை நாளா கட்டியிருக்கீங்க?”

“போன வருஷம் இதை நட்டாங்கல்ல சார், மறுநாளே. நல்ல வசதியா இருக்கு. முன்னாடி துண்டெல்லாம் கீழ விழுந்துரும்.”

“இது எதுக்கு இருக்குன்னு தெரியுமா?”

“இடி இறங்காம இருக்கத்தானே சார்?”

ஒரு வருடத்தின் காற்று. லட்சக்கணக்கான பதிவுகள். அத்தனையும் ஒரு துணிக்கயிறு கட்டிய திசை.

அந்த ஆளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கட்டிய முடிச்சு அவ்வளவு நேர்த்தி.

பிப்ரவரி 15, வியாழன்

இயக்குநரிடம் சொன்னேன். ஆலோசகரும் இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை இருவரும் கேட்டார்கள். பிறகு இயக்குநர் கேட்டார், “வேற யாருக்குத் தெரியும்?”

“மேற்பார்வையாளருக்கு. துண்டு துவைக்கிறவருக்கு.”

“அவங்களுக்குத் தெரியுமா, இல்ல கட்டுனது மட்டுமா?”

“கட்டுனது மட்டும்தான் சார்.”

“அப்போ நமக்கு மட்டும்தான் தெரியும்” என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

திரும்ப அளந்தால் இன்னொரு வருடம். அதற்குள் அனுமதியின் கெடு முடிந்துவிடும். ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்: தரவு ஏற்கப்பட்டுவிட்டது, இப்போது கயிற்றை அவிழ்த்தால் கருவி வேறு திசையைக் காட்டும், அது ஏற்கப்பட்ட தரவுக்கு முரண். ஆகவே அனுமதி வரும்வரை கயிறு இருந்த நிலையிலேயே இருப்பதுதான் முறை.

“கரெக்ட்” என்றார் இயக்குநர். “கயித்து மேல யாரும் கை வைக்கக்கூடாது.”

என்னைப் பார்த்து, “நீ ஏழாம் அத்தியாயம் பண்றவன். ஏழாம் அத்தியாயம் பண்ணு” என்றார்.

வாயை மூடிக்கொண்டு வந்தேன். இதை ஏன் எழுதுகிறேன்? வாயை மூடிக்கொண்டு வந்தேன் என்று எழுதுவதற்குத்தான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சுற்றறிக்கை வந்தது. “விருந்தினர் விடுதி மொட்டைமாடியில் உள்ள அளவீட்டு அமைப்பின் துணைக்கயிற்றை அவிழ்ப்பது, தளர்த்துவது, இடம் மாற்றுவது தடை செய்யப்படுகிறது. கயிற்றின் இழுவை மாறாதிருக்க, சலவை வழக்கம்போல் தொடர வேண்டும்.”

மேற்பார்வையாளர் என்னைத் தேடி வந்தார். பயந்து போயிருந்தார். “சார், விருந்தாளி யாரும் வரலைன்னா? துண்டுக்கு எங்க போறது?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாலை பார்த்தேன், சுத்தமான துண்டுகளையே நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 28, புதன்

கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த வாரம். மக்கள் எதைக் கேட்டாலும் மேடையிலிருந்து பதில் சொல்லும் பொறுப்பு ஏழாம் அத்தியாயக்காரனுடையது. பதில்களை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். மொத்தம் மூன்று. ‘கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது.’ ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’ ‘இக்கேள்வி இத்திட்டத்தின் வரம்புக்குள் வராது.’ எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பது என் விருப்பம். என்னுடைய பதவியில் இதுவரை எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சுதந்திரம்.

இவளிடம் துண்டு விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் கூட்டத்தில் கேட்டுவிடுவாள்.

சொல்லாவிட்டாலும் கேட்பாள்.

மார்ச் 6, புதன்

கேட்டாள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. வேலை கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு உரிய நடவடிக்கை. மீன் செத்தால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு வரம்பு. பிறகு இவள் எழுந்தாள். காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சேலை. மைக்கைச் சரிசெய்தாள். பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகள் முன் நிற்பது போல நின்றாள்.

“ஐயா, எங்க பள்ளியில அறுநூறு பிள்ளைங்க படிக்கிறாங்க. தார் ஆலை ஓடுற நாள்ல அவங்க மூச்சு விடக் கஷ்டப்படுறாங்க. ஒரு வருஷமா தெற்கு ஜன்னலைத் திறக்கலை. இப்ப அதே இடத்துல பென்சீன் தொட்டி வரப் போகுதுன்னு சொல்றீங்க. காத்து எங்க பக்கம் வராதுன்னு உங்க அறிக்கையில இருக்கு. எங்க மூக்குக்கு அது தெரியலை. காத்தை எப்படி அளந்தீங்கன்னு சொல்ல முடியுமா?”

கைதட்டினார்கள். இயக்குநர் என்னைப் பார்த்தார். மண்டபமே என்னைப் பார்த்தது. அவள் பார்த்தாள்.

நான் மைக்கில் சொன்னேன்: “அம்மையாரின் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது.”

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருப்பவளை அம்மையார் என்று கூப்பிட்டேன். அவள், “நன்றிங்க ஐயா” என்று சொல்லி உட்கார்ந்தாள்.

தெரியாதவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கணக்குப் பிரிவு அக்காவுக்கு மட்டும் அவள் யார் என்று தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

“அந்தக் கருவியை நீங்க போய்ப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“எப்போ?”

“மூணு வாரம் ஆச்சு.”

தண்ணீரை நிறுத்தினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், துண்டு, பைஜாமா, சுற்றறிக்கை. பைஜாமா வந்தபோது சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஏன்டா சொன்னோம்னு ஆயிருச்சு. ஏன்டா மூணு வாரம் சொல்லலைன்னும் ஆயிருச்சு. என்ன மனுஷன் நான்?

“அந்த மனையில வீடு கட்டினா நான் வர மாட்டேங்க” என்றாள் கடைசியில். “பகல்ல பிள்ளைங்களோட சேர்ந்து மூச்சு முட்டுறது போதும். வீட்டுக்கு வந்தும் முட்டணுமா?”

மார்ச் 7, வியாழன்

விடுப்பு. தலைவலி என்று சொன்னேன். உண்மையிலேயே வந்துவிட்டது.

மார்ச் 11, திங்கள்

மூலை மனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இதில் பெரிய திட்டமெல்லாம் இல்லை. வர மாட்டேன் என்றவளை வைத்துக்கொண்டு யாருக்கு வீடு கட்டுவது?

வாங்கிக்கொண்டவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பூங்கா பார்த்த மூலை மனையைத் திருப்பிக் கொடுக்குறீங்களா சார்? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“காரணம்னு ஒரு கட்டம் இருக்கு.”

‘சொந்தக் காரணம்’ என்று எழுதினேன்.

மார்ச் 12, செவ்வாய்

காலை பத்தரைக்குள் கேண்டீனில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏழாம் அத்தியாயம் மனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். யாரும் நேரடியாகக் கேட்கவில்லை. என் பக்கத்தில் டீ குடிப்பவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடியது.

கணக்குப் பிரிவு அக்கா மட்டும் வந்து உட்கார்ந்தார். “தம்பி, மறைக்காம சொல்லு. அங்க ஏதாவது இருக்கா?”

“எங்க?”

“குடியிருப்புப் பக்கம். மண்ணுல ஏதாவதா? தண்ணியிலயா?”

“ஏழாம் அத்தியாயத்துல எல்லாம் எழுதியிருக்கேன்க்கா.”

“அதை யாரு படிச்சா? நீ வாயால சொல்லு.”

“சாவகாசமா ஒரு வேலை நாள்ல உங்க மனையைப் போய்ப் பாருங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சத்தியமாக அவ்வளவுதான்.

மார்ச் 14, வியாழன்

அலுவலகம் காலி. பாதிப் பேர் ‘களப்பணி’ என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாலையில் மூக்கில் கைக்குட்டையோடு திரும்பினார்கள். கணக்குப் பிரிவு அக்கா என் மேசைக்கு வந்து நின்று, தன் சேலைத் தலைப்பை என் முகத்துக்கு நேரே நீட்டினார். தார்.

“இது தெற்கால போற காத்தா?” என்றார்.

மார்ச் 18, திங்கள்

காற்றை அளந்த கருவியைப் பார்க்க ஆள் திரண்டு, கெஸ்ட் ஹவுஸ் மொட்டைமாடியில் நிற்க இடமில்லை. திட்டப் பிரிவு, சட்டப் பிரிவு, நிலப் பிரிவு, ஓட்டுநர்கள் இருவர். எல்லோரும் கயிற்றைச் சுற்றி நின்று பார்த்தார்கள். சுற்றறிக்கை இருப்பதால் யாரும் தொடவில்லை. நிலப் பிரிவுக்காரர் மட்டும் ஒரு துண்டைத் தடவிப் பார்த்து, “ஈரமா இருக்கு” என்றார், ஏதோ சாட்சியம் சொல்வது போல.

இரண்டரை மணிக்கு இயக்குநரே ஏறி வந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் மனை முதல் வரிசையில், நூறடி சாலை மேல், அஸ்திவாரம் எழும்பிவிட்டது. அம்பைப் பார்த்தார். துண்டுகளைப் பார்த்தார். பிறகு முதல்முறை கேள்விப்படுகிறவர் போல இடிக்குரலில் கேட்டார்:

“இப்படி ஒண்ணு இருக்குன்னு ஏன் யாரும் என்கிட்ட சொல்லலை?”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவ்வளவு மரியாதை தெரிந்திருக்கிறது.

மார்ச் 25, திங்கள்

குடியிருப்பை இடம் மாற்ற முடியாது, அஸ்திவாரங்கள் எழும்பிவிட்டன. எனவே தொட்டிகள் இடம் மாறுகின்றன. ஒரு வருடம் பிடிக்கும் என்ற காரியம் ஒரு வாரத்தில் முடிந்தது. தார் ஆலைக்கும் கெடு கொடுத்துவிட்டார்கள்.

திருத்திய அறிக்கையை ஆலோசகர் அனுப்பியிருக்கிறார். பழைய தரவு தவறு என்று ஒரு வரி கிடையாது. “அண்மைக் காலத்தில் இப்பகுதியின் காற்று தன் போக்கை மாற்றிக்கொண்டுள்ளதால்…” என்று ஆரம்பிக்கிறது.

இவளிடம் சொன்னேன். பிள்ளைகள் பக்கம் தொட்டி வராது என்று தெரிந்ததும் சமையலறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆக, அறுநூறு பிள்ளைங்க கேட்டு நகராத தொட்டி, உங்க இயக்குநரோட அஸ்திவாரத்துக்கு நகர்ந்திருக்கு” என்றாள்.

“நகர்ந்துச்சுல்ல?”

“நகர்ந்துச்சு. எங்க நகர்ந்துச்சு?”

பழைய கல்குவாரிப் பக்கம். வரைபடத்தில் ‘வெற்று நிலம்’ என்று இருக்கிறது. அதைச் சொன்னேன். வகுப்பில் யாராவது தப்பாகப் பதில் சொன்னால் உடனே திருத்தாமல் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

ஏப்ரல் 3, புதன்

ஏழாம் அத்தியாயத்தின் இரண்டாவது புகைப்படத்தை மாற்ற வேண்டும்: குவாரியின் வெற்று நிலம். இயக்குநர் சொன்னது, “ஆளில்லாம எடு.”

போனேன். வெற்று நிலத்தில் முப்பது நாற்பது வீடுகள். கல் உடைப்பவர்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஒரு டீக்கடை, ஒரு சைக்கிள் பஞ்சர் கடை, ஒரு தண்ணீர்க் குழாய், அதைச் சுற்றி ஒரு சண்டை.

கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது இருந்தார்கள். கடைசியில் எல்லோரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். நின்றார்கள், தங்கமான ஜனங்கள். ஆனால் எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்க்க வீடுகளுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஒரு குழந்தை ஒவ்வொரு முறையும் சரியாகச் சொடுக்கும்போது ஓடி வந்து சிரித்தது. நாலைந்து தடவை.

டீக்கடை அம்மா கண்ணாடிக் கிளாஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார், “எதுக்கு சார் எங்களை ஒதுங்கச் சொல்றீங்க?”

அங்கீகரிக்கப்பட்ட பதில் மூன்றும் நினைவுக்கு வந்தன. எதுவும் வாயில் வரவில்லை.

“இங்க யாரும் இல்லைன்னு காட்டுறதுக்கும்மா.”

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். “அப்போ சரியா எங்க நிக்கணும்னு சொல்லுங்க. ஆளுங்களை நான் கூட்டிட்டு வந்து நிறுத்துறேன். வெயில்ல நீங்க எத்தனை தடவைதான் எடுப்பீங்க.”

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

படம் எடுக்காமல் வந்தேன்.

ஏப்ரல் 4, வியாழன்

விதியைப் படித்தேன். குவாரியில் முப்பது வருடமாக இருப்பவர்கள் ‘தற்காலிகமாகத் தங்கியிருப்போர்’. தற்காலிகத்துக்கும் தொட்டிக்கும் இடைவெளி எதுவும் தேவையில்லை. ஆனால் மண்டலத்தின் நிலத்தில் ஊழியரோ அவர் குடும்பத்தாரோ மனை கேட்டு விண்ணப்பித்தால், அது பைசலாகும்வரை அந்த இடம் ‘உத்தேசக் குடியிருப்பு’. உத்தேசத்துக்கு ஒரு கிலோமீட்டர். நம் ஆட்களின் மனைகளைக் காப்பாற்ற நம் ஆட்களே எழுதிய விதி. எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள்.

இருக்கிறவனுக்கு இடமில்லை. வரலாம் என்று நினைக்கிறவனுக்கு ஒரு கிலோமீட்டர்.

ஏப்ரல் 8, திங்கள்

காலையில் இவளிடம் கேட்டேன், “குவாரிப் பக்கம் ஒரு மனைக்கு எழுதிக் கொடுக்கட்டுமா?”

“கல்லு உடைக்கவா?”

விஷயத்தைச் சொன்னேன். பையில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில், “கிடைச்சுட்டா போய் இருக்கணும். சும்மா எழுதிக் கொடுத்துட்டு அப்புறம் கையை விரிச்சா நல்லாயிருக்காது” என்றாள்.

“இருப்பியா?”

“பஸ் இருக்குல்ல?”

பதினோரு மணிக்குக் கொடுத்தேன். வாங்கியவர் அதே ஆள். “பூங்கா வேணாம், குவாரி வேணுமா சார்?” என்றார். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ கணக்குப் போட்டது தெரிந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

கேண்டீனில் என் மேசையில் இடமில்லை. இரண்டு பேர் நின்றுகொண்டே டீ குடித்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நிலப் பிரிவுக்காரர் மட்டும் வானத்தைப் பார்த்தபடி, “குவாரிப் பக்கம் நல்ல மேடான இடம், இல்ல?” என்றார்.

“மேடுதான்” என்றேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

விண்ணப்பப் படிவம் தீர்ந்துவிட்டது. அச்சகத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் பிரிவு அக்கா தன் பெயரிலும் மருமகன் பெயரிலும் போட்டிருக்கிறார். “நீ மட்டும் ரகசியமா முன்னேறிடலாம்னு பார்த்தியா தம்பி?” என்று முதுகில் ஒன்று வைத்தார். ஓட்டுநர்கள் போட்டுவிட்டார்கள். மதியம் ஆலோசகர் போன் செய்து, ஊழியர் அல்லாதவர்கள் விண்ணப்பிக்க வழி உண்டா என்று நாசூக்காகக் கேட்டார்.

வரைபடக்காரர் எட்டு வட்டங்களையும் அழித்துவிட்டு, தொட்டிகள் எங்கே என்று யாராவது சொல்லும்வரை பென்சிலைக் காதில் செருகி உட்கார்ந்திருக்கிறார்.

ஏப்ரல் 15, திங்கள்

இயக்குநர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். இதோ, மாற்றல் உத்தரவு என்று நினைத்தேன். மேசை மேல் புதிதாக அச்சடித்த படிவம் இருந்தது.

“நீயே நிரப்பிக் கொடுத்துடுப்பா. உனக்குத்தான் அந்த இடமெல்லாம் தெரியும். என் பேர் வேண்டாம். மாமியார் பேர்ல போடு.”

மாமியாரின் முழுப்பெயரைக் கேட்டு எழுதினேன். வயது எழுதினேன். ‘அவ்விடத்தில் நிரந்தரமாக வசிக்கவிருப்போர்’ என்று ஒரு கட்டம். யார் யார் என்று கேட்டேன்.

சற்று யோசித்தார். கட்டத்தில் யாராவது விடுபட்டால் பின்னால் தொந்தரவு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

“எல்லாரும்னு போடு” என்றார்.

எல்லாரும் என்று எழுதினேன்.